கரையில் அமரும் உரிமை

ஆசிரியருக்கு விடுமுறை உண்டு. ஓய்வு உண்டா என்பது வேறு கேள்வி. தவணை முடிந்த மறுநாளே விடைத்தாட் கட்டுகள் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடுகின்றன. அவற்றைத் தொடர்ந்து உறவினர் வீட்டுக் கலியாணம், தோட்டத்துக் கோயில் திருவிழா, யாரோ ஒருவரின் கருமாதி என்று நாட்கள் கழிந்துபோகின்றன. மலையகத்துப் பாடசாலையொன்றிற் கணவனும் மனைவியுமாய்ப் படிப்பிக்கும் எங்களுக்கு மணமாகிப் பதினொரு ஆண்டுகள் நிறைந்துவிட்டன. ஆயினும் இருவரும் சேர்ந்து, ஒரு காரணமுமின்றி, எங்கேனும் போனோம் என்று சொல்வதற்கில்லை. கடந்த ஆகஸ்ட் விடுமுறையில் அந்த வழக்கத்தை உடைப்பதென்று தீர்மானித்தோம். சீட்டுக் காசு கைக்கு வந்திருந்தது. திருகோணமலைக்குச் சென்று ஐந்து நாட்கள் கடலோரத்தில் இருந்துவிட்டு வருவது எங்கள் திட்டம்.

புறப்படுமுன் அயலவருக்கு விடை சொல்லவேண்டியிருந்தது. "கோணேசருக்கு நேர்த்தியா?" என்றார் ஒருவர். "அங்க யாருக்கும் சொகமில்லையா, டீச்சர்?" என்று கேட்டார் இன்னொருவர். இரண்டும் இல்லை, சும்மாதான் போகிறோம் என்றதும் அவர்கள் முகத்திற் படர்ந்த வியப்பு எங்களைச் சிந்திக்கவைத்தது. எங்கள் சமூகத்தில் கணவனும் மனைவியும் ஊர் விட்டு ஊர் போவதற்கு வழிபாடு, நோய், நல்லது கெட்டது என்னும் மூன்று காரணங்களே அங்கீகரிக்கப்பட்டவை. நாலாவதாக ஒன்று உண்டென்பதனை நம்முடைய மொழியே ஒப்புக்கொள்ளத் தயங்குகின்றது. 'உல்லாசப் பிரயாணி' என்று நாம் சொல்லும்போது நம் மனக்கண்ணில் வருபவர் அரைக்காற்சட்டை அணிந்த ஐரோப்பியர். அல்லது கொழும்பிலிருந்து சொந்தக் காரில் வருகின்ற செல்வர். உழைக்காதவன் சாய்ந்திருந்தால் அதன் பெயர் உல்லாசம்; உழைப்பவன் சற்றே சாய்ந்தால் அதன் பெயர் சோம்பல். பெயரிடுபவர் யார் என்பதைப் பொறுத்தே பெயரும் அமைகின்றது.

ஓய்வு என்பது யாரும் மனமுவந்து கொடுத்த கொடையன்று. போராடிப் பெற்ற உரிமை. கார்ல் மார்க்ஸின் மருமகனான போல் லபார்க், சோம்பியிருக்கும் உரிமை என்ற பெயரிலேயே 1880இல் ஒரு நூலை எழுதினார். நகைச்சுவையும் கோபமும் கலந்த அந்நூல், இயந்திரங்கள் பெருகியும் தொழிலாளியின் வேலைநேரம் ஏன் குறையவில்லை என்று கேட்டது. 1936ஆம் ஆண்டு பிரான்சில் மக்கள் முன்னணி வெற்றி பெற்றதும், ஆலைகளைத் தொழிலாளர் தம்வசப்படுத்திக்கொண்டு வேலைநிறுத்தம் செய்தனர். அதன் பயனாகச் சம்பளத்துடன் கூடிய இரண்டு வார விடுமுறை சட்டமாயிற்று. அந்தக் கோடையில் முதன்முறையாகக் கடலைக் கண்ட பிரெஞ்சுத் தொழிலாளர் பலர். சர்வதேசத் தொழில் தாபனமும் அதே ஆண்டில் சம்பள விடுமுறை பற்றிய உடன்படிக்கையை நிறைவேற்றியது. 1948ஆம் ஆண்டின் மனித உரிமைப் பிரகடனம் தனது 24ஆம் உறுப்புரையில் ஓய்வையும் சம்பளத்துடன் கூடிய விடுமுறையையும் மனிதனின் உரிமைகளில் வைத்து எண்ணியது. இலங்கையிலே கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்வோருக்கு 1954ஆம் ஆண்டுச் சட்டம் வருடாந்த விடுமுறையை உறுதிப்படுத்தியது. ஆனால் சட்டப் புத்தகத்திலிருந்து கடற்கரைக்கு வரும் வழி மிக நீண்டது. அவ்வழியில் எங்கள் மாணவரின் பெற்றோர் இன்னும் புறப்படவேயில்லை.

எங்கள் வகுப்பிலுள்ள பிள்ளைகளிற் பெரும்பாலோர் கடலைக் கண்டதில்லை. தீவொன்றிற் பிறந்து, தீவின் வரைபடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வரையக் கற்று, அதன் விளிம்பை ஒருமுறையேனும் தொட்டறியாது வளர்கின்றனர். "கடலுக்கு அந்தப் பக்கம் தெரியுமா, சேர்?" என்று ஒரு சிறுவன் எங்களிடம் கேட்டதுண்டு. கேள்வி பிழையானதன்று. அவன் அறிந்த நீர்ப்பரப்புகளெல்லாம் அக்கரையுள்ளவை. ஐந்து நாள் மலைக்குப் போகாவிட்டால் ஐந்து நாட் சம்பளம் போய்விடும் குடும்பத்திலே, கடல் பார்ப்பதற்கென்று பிள்ளையை யார் அழைத்துச் செல்வார்கள்?

கண்டியிலிருந்து மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாகத் திருகோணமலைக்குச் செல்லும் பஸ்ஸில் ஏறினோம். மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் இடைப்பட்ட அந்த வீதி எங்களுக்கு வெறும் வீதியன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிய தொழிலாளர், காட்டுவழியே நடந்து, தம்புள்ளையைக் கடந்து மாத்தளையை அடைந்தே மலையேறினர். கொலராவும் காய்ச்சலும் பட்டினியும் அவர்களில் எத்தனையோ பேரை வழியிலேயே வீழ்த்தின. அவர்களும் கடலைக் கண்டவர்களே. ஒரே ஒருமுறை, ஒரே ஒரு திசையிற் கண்டவர்கள். அவர்கள் நடந்து ஏறிய வழியில், அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் நாங்கள், கடலை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தோம். ஹபரணையைக் கடந்ததும் வெக்கை முகத்தில் அறைந்தது. கந்தளாயிற் குளத்து நீரின் குளிர்ச்சி ஒரு கணம் வந்து போயிற்று. செக்கோஸ்லவாக்கியாவின் உதவியோடு அங்கு கட்டப்பட்ட அரசாங்கச் சீனித் தொழிற்சாலை 1990களில் மூடப்பட்டது; அதனை நம்பியிருந்தோர் சிதறிப்போயினர்.

மே முதல் செப்டெம்பர் வரை இலங்கையின் மேற்குக் கரையிற் கடல் கொந்தளிக்கும். கிழக்குக் கரையிலே அது குளம்போல் அடங்கிக் கிடக்கும். அக்காலத்தில் மேற்கே மலைகளில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் வற்றி, அனலாய் இறங்கும் காற்றைக் கிழக்கிலுள்ளோர் கச்சான் என்பர். நிலக்கடலைக்கும் இந்நாட்டுத் தமிழிற் கச்சான் என்றே பெயர். முதல் நாள் மாலை கச்சான் காற்றில் அமர்ந்து கச்சான் கொறித்தோம். டச்சுக் குடாவின் நீர் ஒருபுறம் நீலமாகவும் ஒருபுறம் பச்சையாகவும் கிடந்தது. நகருக்குள் புள்ளிமான்கள் அச்சமின்றித் திரிந்தன. கடைவீதியோரம் நின்று, வீசப்பட்ட பொலித்தீன் பைகளை முகர்ந்து பார்த்தன. பதினொரு ஆண்டுகளில் முதன்முறையாக, அடுத்த நாள் எத்தனை மணிக்கு எழவேண்டும் என்பதைப் பற்றிப் பேசாமல் நாங்கள் வேறு விடயங்களைப் பேசினோம். வாசித்த நாவல்களைப் பற்றியும், மணமான புதிதில் ஒருவரிடம் ஒருவர் சொல்லாது விட்டவற்றைப் பற்றியும் பேசினோம். ஓய்வு என்பது உடம்பின் தேவை மட்டுமன்று என்பது அப்போது விளங்கியது. இரண்டு மனிதர் ஒருவரையொருவர் அறிவதற்கும் நேரம் வேண்டும். அந்த நேரத்தையும் சேர்த்தே வேலை விழுங்கிவிடுகின்றது.

எங்களுள் ஒருவர் நாள்தோறும் காலை நாலரை மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டுபவர். மற்றவர் ஐந்தரைக்கு எழுந்து, ஊற்றி வைத்த தேநீரை அருந்துபவர். யார் எவர் என்று வாசகருக்குச் சொல்லவேண்டியதில்லை. உப்புவெளியில் நாங்கள் தங்கிய சிறு விடுதியில், நாலரை மணிக்காரருக்குப் பதினொரு ஆண்டுகளின் பின் யாரோ ஒருவர் சமைத்த இடியப்பமும் சொதியும் கிடைத்தன. அதை அவர் உண்ட விதத்தைக் கண்டால் பெண்விடுதலை பற்றிய நூறு சொற்பொழிவுகள் தேவைப்படா. அந்த இடியப்பத்தைப் பிழிந்தவளும் ஒரு பெண்ணே. கணவனை யுத்தத்திற் பறிகொடுத்தவள். அதிகாலை மூன்றரைக்கு எழுந்து, தன் பிள்ளைகளுக்குச் சமைத்து வைத்துவிட்டு, நடந்து வந்து எங்களுக்குச் சமைத்தாள். "எனக்கு லீவெண்டா பிள்ளையளுக்குச் சாப்பாடு எங்கால, அம்மா?" என்றாள் சிரித்தபடி. ஒருவரின் ஓய்வு இன்னொருவரின் கூடுதல் உழைப்பில் தங்கியிருக்கும்வரை, அது உரிமையாகாது, சலுகையாகவே இருக்கும். அந்தச் சலுகையை நாங்கள் ஐந்து நாட்கள் அனுபவித்தோம் என்பதே உண்மை.

இரண்டாம் நாள் விடியற்காலையிற் கரைவலை இழுப்பதைக் காணச் சென்றோம். அரைவட்டமாகக் கடலில் விட்ட வலையின் இரு கயிறுகளையும் இரண்டு அணிகள் கரையிலிருந்து பற்றி இழுக்கின்றன. இடுப்பிற் பட்டியைக் கட்டி, கயிற்றோடு பிணைத்து, பின்புறமாக நடக்கின்றனர். மணலிற் குதி புதைகின்றது, முதுகு வளைகின்றது, ஒருவன் குரல் கொடுக்க மற்றோர் ஏற்றுப் பாடுகின்றனர். ஒன்றரை மணித்தியாலத்தின் பின் வலையின் மடி கரைக்கு வந்தபோது அதனுள் இருந்தவை இரண்டு கூடை சூடையும் சில பாரைக் குட்டிகளும். வலைக்கு ஒரு பங்கு, தோணிக்கு ஒரு பங்கு, முதலாளி முன்னே கொடுத்த கடனுக்குக் கழிவு. எஞ்சியதை இருபதுக்கு மேற்பட்டோர் பிரித்துக்கொள்ளவேண்டும். "கடல் தந்தாத் தரும், சேர். தராட்டி அண்டைக்குக் கடன்தான்" என்றார் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த முதியவர். அவ்வேளையில் அங்கே நின்ற உல்லாசப் பிரயாணிகள் சிலர் இழுப்பவர்களைப் படம் பிடித்தனர். கடலும் மணலும் உழைப்பும் சேர்ந்த அக்காட்சி அழகானதே. அழகைப் பார்க்கின்றவன் அதன் கணக்கையும் பார்க்கவேண்டும்.

அம்மணலிலே தென்னோலை வேய்ந்த வாடிகள் வரிசையாய் இருந்தன. நீர்கொழும்பு, சிலாபம் பகுதிகளிலிருந்து மீனவர் இப்பருவத்திற் கிழக்கே வந்து வாடியமைத்துத் தொழில் செய்வது நெடுங்கால வழக்கம். தங்கள் கடல் கொந்தளிக்கையில் இங்கே வருகின்றனர். இந்தக் கடல் கொந்தளிக்கும் காலத்தில் திரும்புகின்றனர். கத்தோலிக்கரான அவர்களிற் சிலர் வீட்டில் ஒருவகைத் தமிழும் பாடசாலையிற் சிங்களமும் பேசி வளர்ந்தவர்கள். அவர்களுக்கும் உள்ளூர் மீனவருக்கும் பாடு பற்றியும் எல்லை பற்றியும் பிணக்குகள் உண்டு. வெளிச்சம் பாய்ச்சிப் பிடிப்பது, தடை செய்யப்பட்ட வலைகளைப் போடுவது என்று ஒருவர்மீது ஒருவர் குற்றம் சாட்டவும் கேட்டோம். ஆனால் மீன் விலையைத் தீர்மானிப்பவர் அந்த இரு சாராருமல்லர். விலை கூறும் வியாபாரியின் லொறி வந்து நின்றபோது இருசாராரும் ஒரே மௌனத்தோடு அதன் முன்னே நின்றனர்.

வாடியொன்றின் நிழலில் இளைஞர் ஒருவர் கொப்பியொன்றை வைத்துக்கொண்டு எதையோ உருப்போட்டுக்கொண்டிருந்தார். ஆசிரியர்களாகிய எங்களுக்கு அதனைப் பார்க்காமற் போக மனம் வரவில்லை. அது கொரிய மொழி. தென்கொரியா 2004 முதல் நடைமுறைப்படுத்திவரும் தொழில் அனுமதித் திட்டத்தின்கீழ் இலங்கை இளைஞர் ஆயிரக்கணக்கில் அங்கு செல்கின்றனர். தொழிற்சாலைகளிலும் கட்டட வேலைகளிலும் மீன்பிடிப் படகுகளிலும் வேலை செய்கின்றனர். அதற்கு மொழிப் பரீட்சையிற் சித்தி பெறவேண்டும். "பூசான் பக்கம் போட்டிலதான் வேலை கிடைக்கும் எண்டு சொல்லுறாங்கள், சேர். அங்க குளிராம்" என்றார் அவர். பூசான் கொரியாவின் தென்கிழக்குக் கரையிலுள்ள பெருந்துறைமுக நகர். 1950இல் கொரிய யுத்தம் மூண்டபோது அகதிகளால் நிரம்பி, தற்காலிகத் தலைநகராயும் விளங்கியது. இன்றோ கோடைகாலத்தில் அதன் ஹெயுண்டே கடற்கரை, நாட்டின் நாலா பக்கத்திலிருந்தும் வரும் இளந்தம்பதியராலும் குடும்பங்களாலும் நிறைந்துவிடுகின்றது. திருமலையின் அமைதியான கடலை விட்டு, இன்னொரு நாட்டார் ஓய்வெடுக்கச் செல்லும் கடலோரத்துக்கு, வலையிழுக்கப் போக எண்ணி இந்த இளைஞர் அந்நிய எழுத்துகளை மனனம் செய்கின்றார். கடல் ஒன்றுதான், கரையில் அமர்வோரும் கயிற்றை இழுப்போரும் வேறுவேறானவர்கள். இந்தப் பிரிவினைக்கு இனமும் இல்லை, மொழியும் இல்லை.

மூன்றாம் நாள் நிலாவெளிப் பக்கம் நடந்து சென்றோம். பளிங்குபோன்ற நீர், சற்றுத் தொலைவில் புறாமலைத் தீவு. அதன் பவளப் பாறைகளைக் காப்பதற்காக 2003இல் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கரையில் ஓரிடத்தில், விடுதியொன்றின் வேலிக்கு முன்னுள்ள மணலில் அமர்ந்தோம். சிறிது நேரத்திற் சீருடையணிந்த காவலாளி ஒருவர் வந்தார். "இது விடுதிக்கு வாற ஆக்களுக்கு. கொஞ்சம் அங்கால போய் இருங்கோ, ஐயா" என்றார். குரலிற் கடுமையில்லை, கூச்சமே இருந்தது. தமது தந்தை அதே மணலில் வலை உலர்த்தியவர் என்பதை அவர் பிறகு தாமாகவே சொன்னார். நாட்டின் கரையோர வலயத்தின் பராமரிப்பையும் கட்டுப்பாட்டையும் 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் குடியரசிடம் ஒப்படைத்தது. குடியரசுக்குரியது குடிகளுக்குரியது என்று நாங்கள் குடியியற் பாடத்திற் படிப்பிக்கின்றோம். வேலிக்கு அப்பாடம் தெரியவில்லை.

வேலியின் கதை அங்கே தொடங்கியதன்று. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் தேதி ஆழிப்பேரலை இக்கரையை வாரிச் சென்றது. மாவட்டத்தில் ஆயிரத்தளவினர் மாண்டனர். அதன் பின் பாதுகாப்பின் பெயரால், வடக்கிலும் கிழக்கிலும் கரையிலிருந்து 200 மீற்றருக்குள்ளும், தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றருக்குள்ளும் வீடு கட்டுதல் தடுக்கப்பட்டது. மீனவனைக் கரையிலிருந்து அகற்றிவிட்டுச் சுற்றுலாத் தொழிலுக்கு மட்டும் விலக்களிப்பதா என்று மீனவர் அமைப்புகள் கேட்டன. பின்னர் அவ்விதி தளர்த்தப்பட்டது. ஆனால் அதற்கிடையில் எத்தனையோ குடும்பங்கள் கடலோசை கேளாத குடியேற்றங்களுக்குப் போய்விட்டன. தோணியும் வலையும் கரையில், வீடு காட்டோரத்தில். அலை அழித்தது ஒரு நாளில். அதன் பின் வந்த கட்டளைகள் அழித்தவற்றை எண்ணுவார் இல்லை.

நான்காம் நாட் காலை கோணேசர் கோயிலுக்குச் சென்றோம். பிரட்றிக் கோட்டையின் வாயிலைக் கடந்தே போகவேண்டும். வாயிற் கல்லில் இரட்டைக் கயல் செதுக்கப்பட்டிருக்கின்றது. ஞானசம்பந்தர் தமிழகத்திலிருந்தே பாடிய இத்தலத்தின் பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் 1620களில் இடித்தனர். இடித்த கல்லைக்கொண்டே கோட்டை கட்டினர். ஒல்லாந்தர் 1639இல் அதனைக் கைப்பற்றினர். 1782இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மாறிமாறி அதனைப் பிடித்தனர். 1795இல் ஆங்கிலேயர் வந்தனர். தங்கள் இளவரசர் ஒருவரின் பெயரை 1803இற் கோட்டைக்குச் சூட்டினர். இன்றும் அங்கு இராணுவ முகாமே இருக்கின்றது. கோயிலின் பழைய திருவுருவங்களை மீட்டவர் அரசருமல்லர், ஆராய்ச்சியாளருமல்லர். 1950இற் கிணறு வெட்டிய கூலித் தொழிலாளரின் மண்வெட்டியே அவற்றை வெளிக்கொணர்ந்தது. 1963இற் புதிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடைபெற்றது. சுவாமிமலையின் விளிம்பில், இராவணன் வெட்டுக்கு மேலே நின்று பார்க்கையிற் கண்ணுக்கு எட்டிய தூரம் கடலே. அந்தப் பரப்பைக் கண்டு மனம் விரிவடையாத மனிதர் இருக்கமாட்டார்கள். ஆனால் அதே விளிம்பில் நின்று அதே கடலை நோக்கிய படைத்தளபதிகளின் மனம் விரிந்ததாகச் சரித்திரம் கூறவில்லை.

அவர்களுக்கு இத்துறை ஒரு பண்டம். ஆழமும் அடைப்பும் ஒருங்கே வாய்த்த இயற்கைத் துறைமுகம் என்பதே திருமலையின் பெருமை. அதுவே அதன் துன்பமுமாயிற்று. சீனன்குடாவிற் பிரித்தானியர் தங்கள் போர்க்கப்பல்களுக்காக எழுப்பிய எண்ணெய்த் தாங்கிகள் இன்றும் காட்டினுள்ளே நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9ஆந் தேதி ஜப்பானிய விமானங்கள் வந்து குண்டு பொழிந்தன. 1957இல் பிரித்தானியக் கடற்படை வெளியேறியது; அது நாட்டுக்குப் பெருமையாகவும், தளத்தில் வேலை செய்த தொழிலாளருக்குப் பிழைப்பைப் பற்றிய கவலையாகவும் அமைந்தது. 1987ஆம் ஆண்டின் இந்திய-இலங்கை உடன்பாட்டோடு பரிமாறப்பட்ட கடிதங்களில் இத்தாங்கிகள் இடம்பெற்றன. 2003இல் இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கு அவை குத்தகைக்குப் போயின. 2022 ஜனவரியில், 99 தாங்கிகளில் 14 அந்நிறுவனத்துக்கும் 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும் எஞ்சிய 61 இருவருக்கும் பொதுவாகவும் பங்கிடப்பட்டன. தாங்கிகளைப் பங்கிடத் தலைநகரங்களில் மேசை போடுகிறார்கள். கரைவலையின் பங்கைப் பற்றிப் பேச இதுவரை எந்தத் தலைநகரிலும் மேசை போட்டதாகத் தெரியவில்லை.

அன்று பிற்பகல் பஸ்ஸேறித் தெற்கே சென்றோம். முன்னர் கிண்ணியாவுக்குப் பாதையில், அதாவது மிதவைப் படகில், கடக்கவேண்டும். 2009இல் திறக்கப்பட்ட பாலம் 396 மீற்றர் நீளமானது. அப்பகுதியிலேதான் மகாவலி கங்கை கொட்டியாரக் குடாவிற் கலக்கின்றது. எங்கள் மலைகளிற் பிறந்து, தேயிலைத் தோட்டங்களின் அடிவாரங்களைத் தடவி, 335 கிலோமீற்றர் ஓடி வந்த நீர் அது. கடலைக் காணாத எங்கள் பிள்ளைகள் கால் நனைக்கும் ஓடைகளின் நீரும் இங்கே வந்து கடலாகின்றது. பிள்ளைகளுக்குக் கிடைக்காத பயணம் நீருக்குக் கிடைத்திருக்கின்றது.

வெருகலை அண்டிய கழிமுகத்தில் இலங்கைத்துறை முகத்துவாரம் என்னும் சிற்றூர் உண்டு. ஒரு பக்கம் களப்பு, மறு பக்கம் கடல், இடையே பாறைக்குன்று. தமிழர் அதனை இலங்கைத்துறை என்பர். சிங்கள மக்கள் லங்காபட்டுன என்பர். புத்தரின் புனிதப் பல் இந்நாட்டில் வந்திறங்கிய இடம் அதுவே என்பது பௌத்தரின் மரபு. குன்று யாருக்குரியது என்பது பற்றி இன்று மனத்தாங்கல்கள் இருக்கின்றன. ஆனால் சொற்களைப் பாருங்கள். பட்டுன என்றாலும் பட்டினம் என்றாலும் துறை என்றாலும் பொருள் ஒன்றே: கலம் வந்து சேரும் இடம், அதாவது வருவோரை ஏற்கும் இடம். இரண்டு மொழிகளும் ஒரே உண்மையைச் சொல்கின்றன, சொல்பவர்களே சண்டையிடுகின்றனர். யுத்தத்தின் இறுதிக்கட்டம் 2006இல் இப்பகுதிகளிலே தொடங்கியபோது, மூதூர் கிழக்கின் கிராமங்கள் முழுதாய் இடம்பெயர்ந்தன. சம்பூர் மக்கள் தங்கள் மண்ணை மீண்டும் மிதிக்க ஏறத்தாழப் பத்தாண்டுகள் காத்திருந்தனர். களப்பில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவரிடம், இங்கே ஆட்கள் பொழுதுபோக்க வருவதுண்டா என்று கேட்டோம். "வருவாங்க. நாங்க போய்த் திரும்பி வந்தோம். அவங்க வந்து திரும்பிப் போவாங்க" என்றார். இடம்பெயர்வதையும் உல்லாசப் பிரயாணத்தையும் இவ்வளவு சுருக்கமாக வேறுபடுத்திக் காட்டிய வரைவிலக்கணத்தை நாங்கள் எந்த நூலிலும் கண்டதில்லை.

திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளி வீதியோரமாக இரண்டாம் உலகப் போரில் இறந்தோரின் மயானம் ஒன்று இருக்கின்றது. ஐந்தாம் நாட் காலை அங்கு சென்றோம். வெட்டிய புல், நேர்வரிசையிற் கற்கள், ஒவ்வொன்றிலும் பெயர், இறந்த தேதி, பலவற்றில் வயது. பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று. எங்கோ பிறந்து, தமக்குத் தொடர்பில்லாத ஒரு கரையில் இறந்த இளைஞர்கள். சாம்ராச்சியம் அவர்களின் உயிரைக் கொண்டது. பெயரையேனும் கல்லில் விட்டுவைத்தது.

அதே நாள் மாலை, நகரின் கடற்கரையில் காந்தி சிலைக்கு அருகாக நடந்தோம். அங்கே ஐந்து மாணவர்களின் நினைவு எவருக்கும் வராமற் போகாது. 2006 ஜனவரி 2ஆந் தேதி, மாலைப் பொழுதில், தமிழ் மாணவர்கள் சிலர் அங்கு கூடி அமர்ந்திருந்தனர். விடுமுறைக் காலம். பரீட்சை எழுதி முடித்தவர்களும், பல்கலைக்கழகப் படிப்பைத் தொடங்கியவர்களும், தொடங்கக் காத்திருந்தவர்களும் அவர்கள். ஓடும் முச்சக்கர வண்டியிலிருந்து கைக்குண்டு வீசப்பட்டது. காயம்பட்டுக் கிடந்தவர்கள் பின்னர் சுடப்பட்டனர். ஐவர் மாண்டனர். தன் மகனுக்காக நீதி கேட்ட தந்தை ஒருவர் ஜெனீவாவிலுள்ள மனித உரிமைப் பேரவை வரை சென்றார். குற்றஞ்சாட்டப்பட்ட விசேட அதிரடிப் படையினர் பதின்மூவரும், போதிய சாட்சியம் இல்லையென்ற காரணத்தால், 2019 ஜூலையில் விடுவிக்கப்பட்டனர். சாட்சிகள் ஏன் முன்வரவில்லை என்பதை அந்நகரில் எவரிடமும் கேட்கத் தேவையில்லை.

அந்த மாணவர்கள் அன்று செய்தது என்ன? நாங்கள் ஐந்து நாட்களாகச் செய்ததையே அவர்களும் செய்தார்கள். வேலை முடிந்த பின், நண்பர்களோடு, கடலைப் பார்த்துக்கொண்டு, ஒரு காரணமுமின்றி அமர்ந்திருந்தார்கள். மனித உரிமைப் பிரகடனத்தின் எந்த உறுப்புரையையும் அவர்கள் அப்போது எண்ணியிருக்கமாட்டார்கள். இளமைக்கு இயல்பான ஒரு மாலைப் பொழுது அது. உழைப்பவனுக்கு ஓய்வு வேண்டும் என்கிறோம். சம்பளத்துடன் கூடிய விடுமுறை வேண்டும் என்கிறோம். அவையெல்லாம் வேண்டும். ஆனால் கரையில் அமர்ந்த பிள்ளை வீடு திரும்புவான் என்ற உறுதி அவற்றுக்கெல்லாம் முந்தியது. கொன்றவன் தண்டிக்கப்படாத நாட்டில் அந்த உறுதி இல்லை. ஆகவே ஓய்வுக்கான போராட்டமும் நீதிக்கான போராட்டமும் இரண்டல்ல.

இவ்வளவையும் அறிந்துகொண்டு ஓர் ஆணும் பெண்ணும் கடற்கரையில் மகிழ்ந்திருக்க முடியுமா என்று வாசகர் கேட்கலாம். முடியும் என்பதே எங்கள் விடை. நாங்கள் மகிழ்ந்திருந்தோம். நீரிற் குளித்தோம்; கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளிலும் ஒவ்வொன்றாய் வாளியிட்டு அள்ளி, எது கூடச் சுடும் என்று வாதிட்டோம்; சிரித்தோம். மகிழ்ச்சியைக் கண்டு வெட்கப்படும் முற்போக்கில் எங்களுக்கு நம்பிக்கையில்லை. துறவையும் வறுமையையும் போற்றுவதற்கு வேறு இயக்கங்கள் போதிய அளவு இருக்கின்றன. உழைக்கும் மக்கள் கேட்பது மேலும் துன்பத்தை அன்று. இதுவரை சிலருக்கு மட்டும் உரியதாயிருந்த இன்பத்தில் தங்களுக்குரிய முழுப் பங்கையே. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு பெறும் மகிழ்ச்சி மிகச் சிறியது; அது விடுதியின் வேலிக்குள் அடங்கிவிடும். கயிறு இழுப்பவனையும், இடியப்பம் பிழிபவளையும், கொரிய எழுத்தை உருப்போடுபவனையும், திரும்பி வராத ஐவரையும் அறிந்த பின்னரும் எஞ்சுகின்ற மகிழ்ச்சியே உறுதியானது. ஏனெனில் அது எல்லோருக்கும் உரியதாகவேண்டும் என்ற விருப்பத்தையும் அது தன்னுள்ளே கொண்டிருக்கின்றது.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. சுற்றுலா என்றால் பஸ்ஸில் ஒலிபெருக்கி கட்டி, ஒரே நாளில் ஏழு இடங்களை எண்ணிவிட்டுத் திரும்புவது என்றாகிவிட்டது. அதற்குக்கூடப் பணம் கட்ட இயலாத பிள்ளை வகுப்பிலேயே இருந்துவிடுகின்றது. பாடசாலைகளும் ஆசிரியர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் மனம் வைத்தால், மலைநாட்டுப் பிள்ளைகள் கிழக்குக் கரைக்கும், கிழக்குக் கரைப் பிள்ளைகள் மலைநாட்டுக்கும், ஒருவர் பாடசாலையில் ஒருவர் தங்கிச் சில நாட்கள் இருந்து வர வழி செய்யலாம். மீனவர் வீட்டுப் பிள்ளை கொழுந்து நிறுப்பதைப் பார்க்கட்டும். தோட்டத்துப் பிள்ளை கரைவலையின் கயிற்றைப் பற்றி இழுத்துப் பார்க்கட்டும். நிறுவையிற் கழிக்கப்படும் கொழுந்தும் பங்கிற் கழிக்கப்படும் மீனும் ஒரே கணக்கைச் சேர்ந்தவை என்பதை அப்பிள்ளைகள் பாடப் புத்தகமின்றியே கற்றுக்கொள்வார்கள். சிங்களப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் அந்தப் பயணத்திற் சேரட்டும்.

அதோடு, கரை எவருடையது என்ற கேள்வியை ஓயாது கேட்கவேண்டும். வேலி போடப்படும் இடத்திற் கேட்கவேண்டும். தாங்கிகள் பங்கிடப்படும் வேளையிற் கேட்கவேண்டும். கோவைகள் மூடப்படும் நீதிமன்றத்தின் வாசலிலும் கேட்கவேண்டும். படை வந்தபோதும் அலை வந்தபோதும் இந்தக் கரையை விட்டுப் போகாதவர்களும், போய்த் திரும்பி வந்தவர்களும், அதனை உழைப்பால் உரிமையாக்கிக்கொண்டவர்கள். அவர்கள் தங்கள் பிள்ளைகளோடு, ஒரு மாலைப் பொழுதில், கடனும் பயமும் இன்றி, சும்மா வந்து அம்மணலில் அமரும் நாள் வரவேண்டும். அந்நாளைக் கொண்டுவரும் வேலையில் விடுமுறை எடுக்க எவருக்கும் உரிமையில்லை.